நாலு நாளில் தூக்கிப்போட்ட நிகோட்டின் சூயிங்கம்: 23 வயதுத் தம்பிக்கு மருந்து உதவுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. தம்பிக்கு 23 வயது, ஐடி வேலை, பாதி நாள் இரவு ஷிஃப்ட். நாளைக்கு எட்டுப் பத்து சிகரெட். விட வேண்டும் என்று அவரே சொன்னதால் நீங்கள் மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் வாங்கிக் கொடுத்தீர்கள். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம், தவிப்பு அப்படியே இருக்கிறது என்று நாலாம் நாள் தூக்கிப்போட்டுவிட்டார். இந்த வயதில் மருந்து எதற்கு, மன உறுதி போதாதா, மாத்திரை போட்டால் மனநிலை கெடுமாமே, சூயிங்கத்துக்கே அடிமையாகிவிட்டால் என்ன செய்வது என்று அடுக்கிக் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அந்த நாலு நாளில் நடந்ததிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மருந்து தோற்றதாகத் தெரியவில்லை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கடையில் யாரும் சொல்லித் தரவில்லை என்றுதான் தெரிகிறது.

பெயர்தான் சூயிங்கம். மற்ற சூயிங்கத்தைப் போல மென்றால் பலன் போய்விடும். இதிலிருக்கும் நிகோட்டின் கன்னத்தின் உள்தோல் வழியாக ரத்தத்தில் சேர வேண்டும். உமிழ்நீரோடு விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைந்து வீணாகும். போகிற வழியில் தொண்டையையும் இரைப்பையையும் உறுத்திவிட்டுத்தான் போகும். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் மூன்றும் பெரும்பாலும் வேகமாக மெல்வதால் வருகின்றன. தவிப்பு அடங்காமல் போவதற்கும் அதுவேதான் காரணம். சரியான முறை இது: ஒன்றை வாயில் போட்டு நிதானமாகப் பத்துப் பதினைந்து முறை மெல்ல வேண்டும். மிளகைக் கடித்தாற்போல ஒரு காரமோ, சுருக்கென்ற கூச்சமோ தெரியும். தெரிந்தவுடன் மெல்வதை நிறுத்தி, வெற்றிலை போடுகிறவர்கள் கொடுப்பில் ஒதுக்குவது போல ஒதுக்கிவிட வேண்டும். ஒரு நிமிடத்தில் காரம் அடங்கும். மறுபடி சில முறை மென்று, இந்த முறை அடுத்த பக்கக் கொடுப்பில் ஒதுக்க வேண்டும். இப்படியே ஏறக்குறைய 30 நிமிடம். தாடை வலித்தால் இன்னும் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். மெல்வதே பிடிக்கவில்லை என்றால் வாயில் கரையும் நிகோட்டின் வில்லை இருக்கிறது. அதைக் கடிக்கவே கூடாது.

டீ, காபி, பழச்சாறு, கோலா எதுவும் மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே வேண்டாம், மெல்லும்போதும் வேண்டாம். வாயில் அமிலத்தன்மை ஏறினால் நிகோட்டின் உள்தோலைக் கடக்காது. டீக்கடையில் தம்முக்குப் பதிலாக இதைப் போட்டுக்கொண்டு இன்னொரு கையில் டீ கிளாஸோடு நிற்பதுதான் இளைஞர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. தம்பியிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது நேரமும் எண்ணிக்கையும். சிகரெட்டை இழுத்தால் சில விநாடிகளில் நிகோட்டின் மூளைக்குப் போய்விடும். சூயிங்கத்தில் ரத்தத்தின் அளவு ஏற 20, 30 நிமிடம் ஆகும். அதனால் தவிப்பு உச்சத்துக்கு வந்தபின் வாயில் போட்டால் 'ஒன்றும் ஆகவில்லை' என்றுதான் தோன்றும். கடிகாரத்தைப் பார்த்துப் போட வேண்டிய மருந்து இது. முதல் 6 வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்குக் குறைந்தது 9. அடுத்த 3 வாரம் இரண்டிலிருந்து நாலு மணி நேரத்துக்கு ஒன்று. கடைசி 3 வாரம் நாலிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. எந்த நாளிலும் 24-ஐத் தாண்டக் கூடாது. தம்பி அந்த நாலு நாளில் நாளைக்கு எத்தனை மென்றார் என்று கேளுங்கள். இரண்டு மூன்று என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கிட்டத்தட்ட எல்லோருமே குறைவாகத்தான் எடுக்கிறார்கள்.

2 மில்லிகிராமா, 4 மில்லிகிராமா என்பதை முடிவு செய்ய எத்தனை சிகரெட் என்பதைவிட, எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்ற கேள்விதான் உதவும். 30 நிமிடத்துக்குள் பற்றவைத்தால் 4 மில்லிகிராம். அதற்குப் பிறகென்றால் 2 போதும். இரவு ஷிஃப்ட் என்றால் மதியம் இரண்டு மணிக்கு எழுந்தாலும் அதுதான் அவருடைய காலை. நம் நாட்டில் 2 மில்லிகிராம் வரை சீட்டு இல்லாமல் வாங்கலாம், 4-க்கு மருத்துவர் சீட்டு வேண்டும். எண்ணிக்கையையும் ஒருமுறை சரிபாருங்கள். ஒற்றை ஒற்றையாக வாங்குகிறவர்களுக்குக் கணக்கு தெரியாது, குறைத்துத்தான் சொல்வார்கள். டீக்கடைக்கு ஜிபே செய்த வரலாற்றை அவரே ஒரு வாரத்துக்கு எண்ணிப் பார்க்கட்டும். அவரேதான் எண்ண வேண்டும், நீங்கள் போனை வாங்கிப் பார்க்கக் கூடாது.

சூயிங்கம் மட்டும் என்பதைவிட, தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச்சோடு சேர்த்துக் கொடுப்பது கூடுதல் பலன் தரும். இந்தத் துறையில் ஆதாரம் உறுதியாக உள்ள விஷயங்களில் இதுவும் ஒன்று. பேட்ச் நாள் முழுக்க ஒரு அடித்தளம் போல நிகோட்டினைக் கொடுத்துக்கொண்டிருக்கும்; அதையும் மீறி வரும் திடீர்த் தவிப்புக்கு சூயிங்கம். இரண்டையும் சேர்க்கும்போது மேலே சொன்ன அளவுக்கு சூயிங்கம் தேவைப்படாது. நாளைக்கு 10 சிகரெட்டோ அதற்குக் குறைவோ என்றால் 14 மில்லிகிராம் பேட்ச் 6 வாரம், பிறகு 7 மில்லிகிராம் 2 வாரம். பத்துக்கு மேல் என்றால் 21-இல் தொடங்கி 6 வாரம், பிறகு 14, 7 என்று இரண்டிரண்டு வாரம். எழுந்தவுடன் குளித்து, நன்றாகத் துடைத்து, முடி இல்லாத இடத்தில் ஒட்ட வேண்டும்: தோள்பட்டை, மேல்முதுகு, புஜம். எண்ணெயோ பவுடரோ கிரீமோ இருந்தால் ஒட்டாது. உள்ளங்கையால் 10 விநாடி அழுத்திப் பிடிக்கட்டும். நம் ஊர் வியர்வைக்கு ஓரம் கிளம்பும். மேலே மருத்துவ டேப் போட்டுக்கொள்ளலாம். நாளுக்கு நாள் இடத்தை மாற்றாவிட்டால் அரிப்பும் சிவப்பும் வரும். கனவுகள் தாறுமாறாக வந்து தூக்கம் கெட்டால் படுக்கும்முன் கழற்றிவிடலாம். கழற்றியதில் நிகோட்டின் மிச்சம் இருக்கும், ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் போட வேண்டும்.

அளவு அதிகமா குறைவா என்று எப்படித் தெரியும்? குமட்டல், தலைசுற்றல், படபடப்பு, குளிர்ந்த வியர்வை வந்தால் அதிகம். எரிச்சல், பரபரப்பு, எதிலும் மனம் ஒட்டாமை என்றால் குறைவு. நடைமுறையில் காண்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அடிமையாகிவிடுவாரா என்ற பயத்துக்கு நேராகப் பதில் சொல்கிறேன். நிகோட்டின் அடிமைப்படுத்தும் பொருள்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மூளைக்கு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைப் பொறுத்துதான் பிடிமானம் வருகிறது. பேட்ச்சில் அந்த வேகம் இல்லை, அதற்கு அடிமையாகிறவர்களைக் காண்பது மிக அரிது. சூயிங்கத்தை மூன்று மாதம் தாண்டியும் விட முடியாமல் ஒரு சிலர் மென்றுகொண்டிருப்பது உண்டு. சிகரெட்டில் ஆளைக் கொல்வது தார், கார்பன் மோனாக்சைடு, புகையில் உள்ள புற்றுநோய்ப் பொருள்கள். அவை சூயிங்கத்தில் இல்லை. ஆகவே ஆறு மாதம் மென்றாலும் சிகரெட்டுக்குத் திரும்புவதைவிட அது மேல்.

மன உறுதி போதாதா? போதுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த உதவியும் இல்லாமல் ஒருமுறை முயல்கிறவர்களில் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்தும் புகைக்காமல் இருப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர். மருந்துச் சோதனைகளில் கலந்துகொள்கிறவர்களுக்குச் சிறிதாவது ஆலோசனை கிடைப்பதால் மருந்தே இல்லாத பிரிவிலும் ஏறக்குறைய 6 பேர் விடுகிறார்கள். பேட்ச்சோ சூயிங்கமோ தனியாக என்றால் சுமார் 9 பேர். இரண்டும் சேர்ந்தால் சுமார் 12, தவிப்பைக் குறைக்கும் வேரெனிக்ளின் மாத்திரையில் சுமார் 14. மருந்தோடும் பெரும்பாலோர் ஒரே முயற்சியில் விடுவதில்லை என்பதையும் இந்த எண்களில் பாருங்கள். இதைத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. முதல் முயற்சி தவறினால் 'எனக்கு மருந்து வேலை செய்யாது' என்ற முடிவுக்கு வராமல் இருப்பார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த எண்கள் பெரும்பாலும் நாற்பதை ஒட்டிய வயதில், நாளைக்குப் பத்துக்கு மேல் புகைத்தவர்களிடமிருந்து வந்தவை. 18 முதல் 25 வயதுக்காரர்களைத் தனியாக எடுத்துச் செய்த சோதனைகள் குறைவு. பதின்வயதினரையும் 21 வயது வரை உள்ளவர்களையும் சேர்த்துச் செய்த சிகரெட் சோதனைகளில் வேரெனிக்ளின், மருந்தே இல்லாத போலி மாத்திரையைத் தெளிவாக மிஞ்சவில்லை. மாறாக, 2025-இல் அமெரிக்காவில் வெளியான சோதனையில், மின்சிகரெட்டுக்கு அடிமையான 16 முதல் 25 வயதுக்காரர்கள் 261 பேரில் வேரெனிக்ளின் எடுத்த பிரிவில் சிகிச்சையின் கடைசி வாரங்களில் 51 விழுக்காடு பேர் நிறுத்தியிருந்தார்கள். போலி மாத்திரைப் பிரிவில் 14. ஆறு மாதம் நெருங்கும்போது அது 28-க்கு 7 ஆனது. அது மின்சிகரெட், உங்கள் தம்பி புகைப்பது சிகரெட். அப்படியே பொருத்திவிட முடியாது. 18 தாண்டியவர்களுக்குப் பெரியவர்களுக்கான அளவையும் முறையையுமே பின்பற்றுவதுதான் நடைமுறை. அதை மாற்றச் சொல்லும் ஆதாரம் எதுவும் இல்லை.

மாத்திரைகளைப் பற்றி. வேரெனிக்ளின், மூளையில் நிகோட்டின் உட்காரும் இடத்தில் தானே உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் தூண்டலைக் கொடுக்கும். அதனால் தவிப்பு குறையும். இடம் நிரம்பிவிடுவதால், இடையில் சிகரெட் பிடித்தாலும் பழைய சுகம் கிடைக்காது. முதல் மூன்று நாள் 0.5 மில்லிகிராம் ஒரு வேளை, நாலாவது முதல் ஏழாவது நாள் வரை 0.5 இரண்டு வேளை, எட்டாவது நாளிலிருந்து 1 மில்லிகிராம் இரண்டு வேளை, மொத்தம் 12 வாரம். சிகரெட்டை நிறுத்துவது வழக்கமாக எட்டாவது நாள். முதல் வாரம் புகைத்துக்கொண்டே மாத்திரை எடுப்பது தவறல்ல, திட்டமே அதுதான். குமட்டல் பத்தில் மூன்று பேருக்கு வரும். சாப்பிட்டபின் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வாந்தி வந்து நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். மாத்திரை எடுக்கும் காலத்தில் மது வழக்கத்தைவிட வேகமாகத் தலைக்கேறலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு.

மனநிலை கெடும் என்ற பேச்சுக்கு ஒரு பின்னணி இருக்கிறது. 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வேரெனிக்ளின் மேல் கடுமையான கட்டம் கட்டிய எச்சரிக்கையைப் போட வைத்தது. அதற்குப் பிறகு எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், அதில் ஏறக்குறைய பாதிப்பேர் மனநோய் வரலாறு உள்ளவர்கள், பெரிய சோதனை நடந்து 2016-இல் முடிவு வந்தது. மனநலச் சிக்கல்கள் பேட்ச்சையோ போலி மாத்திரையையோ விட இதில் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் கட்டம் கட்டிய எச்சரிக்கை நீக்கப்பட்டது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. சிகரெட்டை நிறுத்துவதே முதல் வாரங்களில் மனதைச் சோர்வாக்கும். எது மாத்திரையால், எது நிகோட்டின் இல்லாததால் என்று வீட்டில் இருப்பவர்களால் பிரிக்க முடியாது. தூக்கமே இல்லாமல் போவது, வழக்கத்துக்கு மாறான ஆவேசம், வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். பூப்ரோப்பியான் என்று இன்னொரு மாத்திரையும் உண்டு. வலிப்பு வந்த வரலாறு, பசியைக் கொல்லும் அல்லது வாரிச் சாப்பிட்டு வாந்தி எடுக்கும் உணவுக் கோளாறு, குடியைத் திடீரென நிறுத்திய நிலை, இவற்றில் எது இருந்தாலும் அது கூடாது. இரண்டுக்குமே மருத்துவர் சீட்டு வேண்டும். வேரெனிக்ளின் எல்லாக் கடையிலும் இருப்பில் இருக்காது, முதலில் விசாரித்துவிட்டு, சிகரெட்டை நிறுத்தும் நாளைக் குறியுங்கள்.

நாள் குறிக்கச் சொன்னால் இந்த வயதுக்காரர்கள் பலர் நழுவுவார்கள். 'நான் என்ன அடிமையா, நினைச்சா விட்டுடுவேன்' என்பது அவர்களுடைய உண்மையான நம்பிக்கை. அங்கே வாதாட வேண்டாம். குறைத்துக்கொண்டே போய் விடும் வழியும் சோதிக்கப்பட்டதுதான்: மருந்தைத் தொடங்கி, நாலு வாரத்தில் பாதியாக, அடுத்த நாலு வாரத்தில் அதிலும் பாதியாக, 12-ஆவது வாரத்துக்குள் முழுதாக. வேரெனிக்ளினில் இப்படிச் செய்தால் மொத்தம் 24 வாரம் எடுக்க வேண்டும். பேட்ச்சை நிறுத்தும் நாளுக்குச் சில வாரம் முன்பே தொடங்குவதும் உதவலாம் என்று தெரிகிறது. பேட்ச் ஒட்டிக்கொண்டு சிகரெட் பிடித்தால் மாரடைப்பு வரும் என்று பரவலாக ஒரு பேச்சு இருக்கிறது; நோயில்லாத இளைஞருக்கு அந்தப் பயம் தேவையில்லை. சறுக்கி ஒரு சிகரெட் பிடித்துவிட்டாலும் பேட்ச்சைக் கழற்றக் கூடாது. பிடித்துவிட்டோமே என்று மருந்தையும் சேர்த்து நிறுத்துவதால்தான் அந்த ஒன்று மறுபடி பத்தாகிறது.

தவிப்பும் எரிச்சலும் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பெருமளவு அடங்கும். பசி மட்டும் நீளும். ஒரு வருடத்தில் சராசரியாக 4, 5 கிலோ ஏறுவது சகஜம். யாரும் சொல்லாத இன்னொன்று காபி. சிகரெட் புகை கல்லீரலில் கஃபீனைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவைத்திருக்கும். புகை நின்றதும் அந்தத் தூண்டல் போய், அதே நாலு காபி ரத்தத்தில் அதிகமாகத் தேங்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை என்று வருவதை நிகோட்டின் ஏக்கம் என்று நினைத்துத் திரும்பவும் பற்றவைக்கிறார்கள். இரவு ஷிஃப்டில் டீயும் காபியுமாக இருக்கிறவர் முதல் வாரத்திலேயே அதைப் பாதியாக்கட்டும். இதே நொதியால் சிதையும் ஓலன்சபின், குளோசபின் போன்ற மனநல மருந்துகளை யாராவது எடுத்துக்கொண்டிருந்தால், சிகரெட்டை விடப்போவதை மருத்துவரிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும். அளவு மாற்ற வேண்டியிருக்கும். மதுவையும் கவனிக்க வேண்டும், சனிக்கிழமை இரவு இரண்டாவது கிளாஸில்தான் பல முயற்சிகள் கவிழ்கின்றன. முதல் மாதம் அந்தக் கூட்டத்தைத் தவிர்க்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

மின்சிகரெட்டுக்கு மாறலாமா என்று கேட்பார். வெளிநாட்டுச் சோதனைகளில் சிகரெட்டை விடுவதற்கு அது உதவுகிறது என்பது உண்மை. ஆனால் இந்தியாவில் 2019 சட்டப்படி அதன் தயாரிப்பும் இறக்குமதியும் விற்பனையும் தடை. கள்ளத்தனமாக வருவதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உதட்டுக்குள் வைக்கும் ஹான்ஸ், கூல் லிப் போன்றவற்றுக்கு மாறுவது இன்னும் மோசம், அது புகையிலைதான்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? சட்டைப் பையை மோந்து பார்ப்பது, 'இன்னைக்கு எத்தனை' என்று தினமும் கேட்பது இரண்டையும் விட்டுவிடுங்கள். மருந்து தீரும் முன் அடுத்த அட்டையை வாங்கி வையுங்கள். வாரக் கடைசியில் மருந்து தீர்ந்து சிகரெட்டுக்குத் திரும்பியவர்கள் ஏராளம். 'விட்டியா' என்று கேட்பதற்குப் பதில் 'சூயிங்கம் ஒத்துக்குதா, விக்கல் வருதா' என்று கேளுங்கள். பேட்ச் ஒட்டிய இடம் அரிக்கிறது, கனவு தொல்லை என்று அவர் சொன்னால் அதைச் சரிசெய்யும் வழி மேலே இருக்கிறது. முதல் இரண்டு வாரம் இந்தச் சின்னத் தொல்லைகளால்தான் மருந்து நிற்கிறது. பயமுறுத்துவதற்குப் பதில் ஒரு கணக்கைச் சொல்லலாம். பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வில், விடாமல் புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 30 வயதையொட்டி விட்டவர்கள் அந்தப் பத்தையும் கிட்டத்தட்ட முழுதாக மீட்டார்கள். அவருக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது என்று இதை எடுத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. அடிமைத்தனம் ஒவ்வொரு வருடமும் இறுகும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356, கட்டணம் இல்லை. தென்னிந்திய மொழி அழைப்புகளைப் பெங்களூருவில் உள்ள மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸின் மையம் எடுக்கிறது, தமிழிலேயே பேசலாம். 2018 முதல் இந்த எண் சிகரெட் பெட்டியில் அச்சாகிறது. ஒற்றையாக வாங்குகிற தம்பி பெட்டியையே பார்த்திருக்க மாட்டார், அதனால் எண்ணைப் போனில் பதிந்து கொடுங்கள். நேரில் போவதென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் கேளுங்கள், சென்னையில் என்றால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002 முதலே இதற்கான மையம் இருக்கிறது. மனச்சோர்வு கூடினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416. வலிப்பு, சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஏற்கெனவே எடுக்கும் மனநல மருந்து ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும், அல்லது இதைப் படிப்பவர் கர்ப்பிணியாக இருந்தாலும், நான் எழுதிய அளவுகளை அப்படியே பின்பற்றாமல் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தம்பிக்கு இவை எதுவும் இல்லையென்றால், எழுந்ததும் எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதை மட்டும் கேட்டு இங்கே எழுதுங்கள். எந்த அளவில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.